சோலைக்குள் சத்தம் கேட்கிறது, பறவை மட்டும் தெரிவதில்லை

திருப்பூரிலிருந்து ஒருவர் நீளமாகக் கேட்டிருக்கிறார். சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: டிசம்பர் கடைசியில் குடும்பத்தோடு கோத்தகிரி வந்து, லாங்வுட் சோலைக்குள் காலை ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டு வரை நடந்திருக்கிறார். நாலாபக்கமும் சத்தம் கேட்டிருக்கிறது. கண்ணில் பட்டதோ கொண்டைக்குருவிகள், ஒரு அண்டங்காக்கை, பெயர் தெரியாத ஒரு நீலக் குருவி, அவ்வளவுதான். 10x50 பைனாகுலர் வாங்கினால் சரியாகிவிடுமா, இல்லை பறவைகளே குறைந்துவிட்டனவா என்று கேட்கிறார். கொடைக்கானல் வட்டக்கானலில் முன்பு பார்த்த நீலகிரிச் சிரிப்பானைக்கூட இங்கே பார்க்க முடியவில்லையே என்று ஒரு வருத்தம் வேறு. கூடவே, ஒன்பது வயது மகனுக்கும் ஒரு பைனாகுலர் வாங்க வேண்டுமாம்.

கேள்வி பைனாகுலரைப் பற்றியது மாதிரி தெரிந்தாலும், அவர் உண்மையில் கேட்பது வேறு: இருக்கிற பறவை ஏன் கண்ணுக்குத் தெரிவதில்லை? இந்த மலையில் குடியிருந்துகொண்டு, வருகிறவர்களைப் பல வருடங்களாகப் பறவை பார்க்க அழைத்துப் போகிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் இதையேதான் கேட்கிறார்கள். அதனால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், பைனாகுலர் கடைசியில்.

நம்மில் பெரும்பாலோர் பறவை பார்க்கப் பழகுவது ஏரிக்கரையில். வேடந்தாங்கலோ, ஊர்க் குளமோ, பறவை வெட்டவெளியில் நிற்கும், நாம் நடந்துபோய்ப் பார்ப்போம். சோலைக்குள் இந்தப் பழக்கம் எடுபடாது. இங்கே மரங்கள் ரொம்ப உயரமில்லை, காற்றுக்கு வளைந்து கிளையோடு கிளை பின்னி நிற்கும். அதற்குக் கீழே குறிஞ்சி இனச் செடிகளும் பெரணியும் முட்புதரும் அடர்ந்திருக்கும். வெளியே நல்ல வெயில் அடித்தாலும் தரையில் அரையிருட்டுதான். இந்த மறைவுக்குள்ளேயே ஒவ்வொரு பறவைக்கும் ஒரு தளம் உண்டு. பெயரில் கிளி இருந்தாலும் குருவியான சோலைக்கிளியும், பூங்குருவி வகைகளும் தரையில் சருகைக் கிளறும். கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான் முழங்கால் உயரத்தைத் தாண்டி அதிகம் ஏறாது. காட்டுப்புறாவும் மின்சிட்டும் உச்சிக் கிளையில் இருக்கும். நாம் நடக்கும்போது பார்ப்பது கண்மட்டத்தில், பாதைக்கு நேர் எதிரே. அங்கேதான் பறவைகள் மிகக் குறைவு. நான்கைந்து பேர் பேசிக்கொண்டு நடந்தால், தரையில் இருப்பவை நாம் வருவதற்கு முன்பே புதருக்குள் போய்விடும்.

பறவைகள் அங்கே இருக்கின்றன என்பதில் சந்தேகம் வேண்டாம். லாங்வுட் மொத்தமே சுமார் 116 ஹெக்டேர்தான், சுற்றிலும் தேயிலையும் ஊர்களும். அப்படியிருந்தும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய 26 பறவை இனங்களில் 14 அங்கே இருப்பதாக, 2024 ஜனவரியில் அதை ராம்சார் பட்டியலில் சேர்த்தபோது சொன்னார்கள். சதுப்பு நிலங்களுக்கான பட்டியலில் ஒரு காடு எப்படி வந்தது என்று கேட்பவர்கள் சோலைக்குள் மழைக்குப் பிறகு ஒருமுறை நடந்தால் போதும். பஞ்சு மாதிரி ஈரம் பிடித்துவைத்து ஓடையாக விடுகிற காடு அது. கீழே உள்ள ஊர்களுக்குத் தண்ணீர் அங்கிருந்துதான் போகிறது.

அடுத்து நேரம். குளிர்காலத்தில் இங்கே சூரியன் எழ ஆறரை ஆகும். அதிலிருந்து ஒன்றரை, இரண்டு மணி நேரம்தான் பொன்னான நேரம். நீங்கள் போனது ஒன்பதரைக்கு. சோலைக்கிளி வெளிச்சம் வருவதற்கு முன்பே குரல் கொடுத்துவிடும், பாதைக்கு வருவதும் அந்த மங்கலான நேரத்தில்தான். அதைப் பார்க்க வேண்டுமென்றால், பாதை வளைகிற ஓரிடத்தில் ஒதுங்கி, அசையாமல் நிற்க வேண்டும். முதலில் சருகு சரசரக்கும். அப்புறம் புதரடியிலிருந்து கருநீலமாக ஒன்று இரண்டு தத்தில் பாதைக்கு வரும், நீண்ட கால்களில் நிமிர்ந்து நிற்கும், தலையைச் சாய்த்துத் தரையைப் பார்க்கும். ஒரு பூச்சியைக் கொத்தும், மறுபடி நிற்கும். விலாப்புறத்தில் செம்பழுப்பும் வயிற்றில் வெள்ளையும் தெரிந்தால் அது நீலகிரிச் சோலைக்கிளி. நீங்கள் பைனாகுலரைத் தூக்குகிற அந்த அசைவிலேயே பல சமயம் திரும்பிப் போய்விடும். அதனால் நிற்கும்போதே பைனாகுலர் நெஞ்சுயரத்தில் கையில் இருக்கட்டும்.

லாங்வுட் காப்புக்காடு. எத்தனை மணிக்கு உள்ளே விடுகிறார்களோ அதுதான் நேரம், அனுமதியில்லாமல் நுழையக்கூடாது. ஆனால் அதற்கு முந்தைய நேரத்தை வீணாக்கவும் வேண்டியதில்லை. சோலையும் தேயிலையும் சந்திக்கிற விளிம்பு, தார்ச்சாலையை ஒட்டிய ஓடை, பழம் பழுத்த ஒரு மரம், இவற்றில் ஏதாவது ஒன்றின் எதிரே வெளிச்சம் வந்தபின் போய் நில்லுங்கள். என் அனுபவத்தில், புதிதாக வருகிறவர்கள் சோலையின் உள்ளே பார்ப்பதைவிட விளிம்பில் பார்ப்பதுதான் அதிகம். காலை வெயில் முதலில் படும் பக்கம் எதுவோ அங்கே பூச்சிகள் பறக்கத் தொடங்கும், பூச்சி தின்னும் குருவிகளும் அங்கேயே வரும்.

சோலையில் அரை மணி நேரம் ஒரு இலைகூட அசையாது. திடீரென்று தலைக்கு மேலே இருபது, முப்பது குருவிகள். ஐந்து நிமிடத்தில் மறுபடி வெறுமை. இது தற்செயல் இல்லை. பல இனங்கள் ஒன்றாகச் சேர்ந்து இரை தேடிக்கொண்டே நகரும் கூட்டம் இது. ஒரு குருவி கிளப்பிவிடுகிற பூச்சி இன்னொன்றுக்குக் கிடைக்கும், வல்லூறு வந்தால் பார்த்துச் சொல்லக் கண்கள் நிறைய இருக்கும். வெள்ளைக்கண்ணிகள் இலைக்கொத்துக்குள் புகுந்து புறப்படும். சாம்பல் தலையும் மஞ்சள் வயிறுமாக ஒரு சிறிய ஈப்பிடிப்பான் விடாமல் சீட்டி அடித்துக்கொண்டே இருக்கும். பட்டாணிக்குருவி, மரத்தண்டில் தலைகீழாக இறங்கும் நீலநிற நட்ஹேச், இலைநுனிகளில் துறுதுறுக்கும் கதிர்க்குருவிகள், மேல்கிளையில் ஆரஞ்சு மின்சிட்டு ஜோடி எல்லாம் அந்தக் கூட்டத்தில் வரும். நடந்துகொண்டே இருந்தால் கூட்டத்தைத் தவறவிடுவீர்கள். நின்றால் அது உங்களிடம் வரும். வந்ததும் துரத்தாதீர்கள். எந்தத் திசையில் நகர்கிறது என்று பார்த்து, பாதையிலேயே பத்தடி முன்னால் போய் நின்றுகொள்ளுங்கள். முதலில் ஒரே ஒரு குருவியைத் தேர்ந்தெடுத்து முழுதாகப் பாருங்கள். எல்லாவற்றையும் பிடிக்கப் போனால் எதுவும் மிஞ்சாது.

இனி சத்தம். கேட்டதெல்லாம் வீண் என்று நினைத்திருப்பீர்கள், அப்படியில்லை. சோலையில் காதுதான் முதல் கருவி. ஒன்று தொடங்க, மற்றவை சேர்ந்துகொண்டு கீச்சுக் குரலில் கெக்கலிப்பது போலக் கேட்டிருந்தால் அது நீங்கள் தேடி வந்த நீலகிரிச் சிரிப்பானேதான். பத்தடி தூரத்து முட்புதரில் இருந்திருக்கும். மரத்தின் மேலே படபடவென்று கனமாக இறக்கை அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டு, எதுவும் தெரியாமல் போயிருந்தால், பெரும்பாலும் நீலகிரிக் காட்டுப்புறா. அது பழம் தின்னும்போது சத்தமே இருக்காது, எழும்போதுதான் தெரியும். ஓடைப்பக்கம் கூர்மையாக, காதைக் கிழிக்கிற மாதிரி ஒற்றைக் குரல் என்றால் சீகாரப் பூங்குருவியைத் தேடுங்கள், ஈரப்பாறை மேல் இருக்கும். அதன் நீண்ட சீழ்க்கைப் பாட்டை மழைக்காலத்தில் வந்தால் நிறையக் கேட்கலாம்.

பலரும் தவறவிடுகிற குரல் ஒன்று உண்டு. கீழ்ப்புதரிலிருந்து மெல்லிய, உலோகத்தனமான ஒரு கீச்சு விட்டு விட்டு வரும். சில்வண்டு என்று நினைத்துக் கடந்துவிடுவோம். அது கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பானாக இருக்கலாம். குனிந்து, புதருக்கு உள்ளே, தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் தேடுங்கள். ஆண் என்றால் தலையும் இறக்கையும் கறுப்பு, மற்றதெல்லாம் பளீரென்ற ஆரஞ்சு. அந்த இருட்டில் அதுவே ஒரு பொட்டு வெளிச்சமாகத் தெரியும். மனிதரைக் கண்டு அவ்வளவாக மிரளாது, நின்றால் பக்கத்திலேயே வேலையைப் பார்க்கும். சோலைக்கிளி காட்டாத கருணையை இது காட்டும்.

எல்லாச் சத்தமும் பறவை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மரத்திலிருந்து கடகடவென்று சங்கிலித் தொடராக வந்தால் மலை அணில். ஆழமான ஹூ, ஹூ என்பது கருமந்தியாகவும் இருக்கலாம், காட்டுப்புறாவாகவும் இருக்கலாம். மெர்லின் ஆப் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும், வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது சொல்வதைத் துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். அது பெயர் காட்டியதும் அந்தத் திசையில் தேடி, பார்த்தபின்தான் குறிப்பில் எழுத வேண்டும். போனில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். தன் எல்லைக்குள் இன்னொன்று நுழைந்துவிட்டது என்று அது இரையை விட்டு, கூட்டை விட்டு வந்து அலையும். நாளுக்குப் பத்துப் பேர் வந்து போகிற பாதையில் பத்துப் பேரும் இதைச் செய்தால் அந்தப் பறவை என்ன ஆகும்?

உங்கள் நீலக் குருவி. பாதையோரம் வெறுங்கிளையில் உட்கார்ந்து, பறந்து பூச்சி பிடித்து, அதே கிளைக்குத் திரும்பியது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பழக்கத்தை வைத்து ஈப்பிடிப்பான் என்பதை உறுதியாகச் சொல்லலாம். நீலகிரி ஈப்பிடிப்பானாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், வருடம் முழுக்க இங்கேயே இருப்பது, விளிம்புகளில் தாராளமாகத் தெரிவது. ஆனால் டிசம்பரில் வடக்கிலிருந்து வரும் வெர்டிட்டர் ஈப்பிடிப்பானும் இந்த மலைகளில் இருக்கும். அதுவும் இதே மாதிரி உட்காரும், இதே மாதிரி திரும்பி வரும். அதன் நீலத்தில் பச்சை கலந்திருக்கும், பளிச்சென்று இருக்கும், அலகுக்கும் கண்ணுக்கும் நடுவே கறுப்பாக ஒரு தீற்று. நம் நீலகிரி ஈப்பிடிப்பான் அவுரி நீலம், நெற்றியில் மட்டும் கொஞ்சம் வெளிறியது, வாலின் அடியில் இரண்டு பக்கமும் சிறு வெள்ளைத் திட்டு, அதுவும் பறக்கும்போதுதான் தெரியும். நீங்கள் அனுப்பிய விவரத்தில் வாலும் இல்லை, முகமும் இல்லை. அதனால் "நீல ஈப்பிடிப்பான், இனம் நிச்சயமில்லை" என்று எழுதி வையுங்கள். இப்படி எழுதுவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் கிடையாது. ஊகத்தை உறுதியாக எழுதுகிறவரின் குறிப்புதான் பிறகு யாருக்கும் உதவாமல் போகிறது.

வட்டக்கானல் விஷயம். அங்கே பார்த்தது நீலகிரிச் சிரிப்பான் இல்லை, பழனிச் சிரிப்பான். இதில் சந்தேகத்துக்கு இடமில்லை, ஏனென்றால் நீலகிரிச் சிரிப்பான் பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே கிடையாது. சுமார் முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலமான அந்தத் தாழ்நிலத்தை இந்த மலைப் பறவைகள் தாண்டுவதில்லை. வெப்பமான சமவெளி அவற்றுக்குக் கடல் மாதிரிதான். அதனால் வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று என்று நெடுங்காலமாகத் தனித்தனியே பிரிந்துவிட்டன. இங்கத்தியதற்கு முகவாயும் கண் முன்பகுதியும் கறுப்பு, நெஞ்சும் வயிறும் செம்பழுப்பு. பழனி, ஆனைமலைப் பக்கத்தில் இருப்பதற்கு முகவாயில் கறுப்பு இல்லை, நெஞ்சு சாம்பல், அதில் கீற்றுகள். இரண்டுக்கும் வெள்ளைப் புருவம் உண்டு, குழப்பம் அங்கேதான் வருகிறது. சோலைக்கிளியிலும் இதே கதை. கொடைக்கானல் பாம்பார் சோலையில் இருப்பதற்கு விலாவில் செம்பழுப்பு கிடையாது, அது நீலமாகவே இறங்கி வெள்ளை வயிற்றில் முடியும். இந்தச் சிரிப்பான்களையும் சோலைக்கிளிகளையும் மரபணுவை வைத்து ஆராய்ந்து, வேறெங்கும் இல்லாத தனிப் பேரினங்கள் என்று 2017-ல் பிரித்தார்கள். ஆக, உங்களுக்கு நஷ்டமில்லை. ஒன்றைப் பார்த்தாயிற்று, இன்னொன்று பாக்கி.

பறவைகள் குறைந்துவிட்டனவா? இதில் எது தெரியும், எது தெரியாது என்று பிரித்துத்தான் சொல்ல வேண்டும். இரண்டரை மணி நேர நடையில் காணவில்லை என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, அது உறுதி. வாழிடம் சுருங்கியது என்பதும் உறுதி. தேயிலையும், சீகை என்று நாங்கள் சொல்லும் வாட்டில் மரமும், யூகலிப்டஸும் நீலகிரியிலும் பழனி மலையிலும் எவ்வளவு இடத்தைப் பிடித்தன என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆனால் பலர் நினைப்பதற்கு மாறாக, அதிகம் அடிபட்டது சோலை இல்லை, புல்வெளி. மரமில்லாத இடம் என்றால் வெற்றிடம் என்று நினைத்து அங்கே மரம் நட்டார்கள். உயரமான புல்வெளியில் மட்டும் வாழும் நீலகிரி நெட்டைக்காலிக்கு அதனால் போக்கிடம் குறைந்துவிட்டது. அதைக் கோத்தகிரிச் சோலையில் தேடிப் பயனில்லை, முக்குருத்தி, அவலாஞ்சிப் பக்கத்து மேட்டுநிலப் பறவை அது. சிரிப்பான் எவ்வளவோ சமாளிக்கிறது, தோட்டத்து வேலிப்புதருக்கும் வரும், பழம் தின்னும். சோலைக்கிளி அப்படியில்லை, நிழலும் ஈரத்தரையும் இல்லாமல் அதற்கு ஆகாது. லாங்வுட்டில் மட்டும் எண்ணிக்கை எப்படிப் போகிறது என்பதைப் பத்துப் பதினைந்து வருடம் ஒரே பாதையில், ஒரே முறையில் எண்ணினால்தான் சொல்ல முடியும். அதற்குத்தான் உங்களைப் போன்றவர்களின் பட்டியல் தேவைப்படுகிறது. பொங்கல் சமயத்தில் தமிழ்நாடு முழுக்கப் பறவைகளை எண்ணி இ-பேர்ட் என்ற இணையதளத்தில் பதிகிறார்கள். கால் மணி நேரம் நின்று எண்ணினாலும் போதும், குரல் மட்டும் கேட்டதையும் அதில் சேர்க்கலாம், அடையாளம் நிச்சயமாக இருந்தால்.

டிசம்பர் தப்பான மாதம் என்றும் எண்ண வேண்டாம். நம் பறவைகள் பாட்டைக் குறைத்திருக்கும், பிப்ரவரி கடைசியிலிருந்து மே வரை வந்தால் பாட்டு நிறைய இருக்கும். ஆனால் குளிர்காலத்து விருந்தாளிகள் ஏப்ரலுக்குப் பிறகு கிடைக்க மாட்டார்கள். ஓடையில் சாம்பல் வாலாட்டி, புதரடியில் வெண்புருவமும் ஆரஞ்சு நெஞ்சுமாக நீல ராபின், அதிர்ஷ்டம் இருந்தால் காஷ்மீர் ஈப்பிடிப்பான். காஷ்மீரில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு இந்த மலைகளுக்கும் இலங்கைக்கும் வருகிற பறவை அது.

ஒரு எச்சரிக்கை. சீக்கிரம் வாருங்கள் என்று சொன்னதை இருட்டில் தேயிலைக்குள் நடங்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கோத்தகிரியில் கரடி ஊருக்குள்ளேயே வரும். காட்டெருமை தேயிலை வரிசைக்குள் படுத்திருந்தால் பக்கத்தில் போகும்வரை தெரியாது. நன்றாக வெளுத்தபின், சாலையில், கூட ஒரு உள்ளூர் ஆளோடு போங்கள். காட்டெருமை எதிர்ப்பட்டால் போட்டோ எடுக்க நெருங்காமல் அதற்கு வழி விட்டுப் பின்வாங்குங்கள். மழைநாளில் அட்டை இருக்கும், பேன்ட்டைக் காலுறைக்குள் செருகிக்கொண்டால் போதும். 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிகளுக்கு நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

கடைசியாக பைனாகுலர். 10x50 வேண்டாம், 8x42 வாங்குங்கள். முதல் எண் உருப்பெருக்கம், இரண்டாவது முன்கண்ணாடியின் அகலம், மில்லிமீட்டரில். 50 என்றால் வெளிச்சம் அதிகம் என்று கடையில் சொல்வார்கள். கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் என்பது முன்கண்ணாடி அகலத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் வருவது. 50-ஐ 10-ஆல் வகுத்தால் 5 மில்லிமீட்டர், 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25. ஆக வெளிச்சத்தில் லாபமே இல்லை, எடைதான் கூடும், கை நடுக்கமும் அதிகம் தெரியும். 8-ல் பார்வைப் பரப்பு அகலம், இலைக்குள் குருவியைச் சட்டென்று பிடிக்கலாம். இன்னொன்றைக் கட்டாயம் கேளுங்கள்: எவ்வளவு பக்கத்தில் உள்ளதைத் தெளிவாகக் காட்டும்? பல 10x50 மாடல்களில் ஐந்தாறு மீட்டருக்குள் உள்ளது மங்கிவிடும். சோலையில் நல்ல காட்சியெல்லாம் மூன்று மீட்டரில்தான் கிடைக்கிறது. நைட்ரஜன் நிரப்பி, நீர் புகாதபடி அடைத்ததாக இருக்கட்டும், இல்லாவிட்டால் இங்கத்திய ஈரத்துக்கு உள்ளே மூட்டம் போடும், நாளடைவில் பூஞ்சையும் வரும். ஊருக்குப் போனதும் உறையிலிருந்து எடுத்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட டப்பாவில் வையுங்கள்.

பையனுக்கு உங்களுடையதையே கொடுத்தால் அவனுக்கு இரண்டு கரும் வட்டங்கள்தான் தெரியும், குழந்தைகளின் கண்களுக்கு நடுவே இடைவெளி குறைவு. 8x32 மாதிரி இலகுவான ஒன்றை, இரண்டு குழல்களையும் நன்றாக மடக்கி நெருக்க முடிகிறதா என்று கடையில் அவன் கண்ணிலேயே வைத்துப் பார்த்து வாங்குங்கள். பொம்மைக் கடையில் விற்பது வேண்டாம். முதலில் வீட்டு மாடியிலிருந்து மைனாவையும் காக்கையையும் பார்த்துப் பழகட்டும். வெறுங்கண்ணால் பறவையைப் பார்த்து, பார்வையை எடுக்காமலே பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். அது கைவந்தபின் மலைக்கு அழைத்து வாருங்கள்.